ஏழாவது நிமிடத்துக் கயிறு

எங்கள் தீவின் கடிகாரம்
யாரோடும் முழுதாக ஒத்துப்போகாது.
நிலப்பரப்பில் எட்டு என்றால்
நியூஃபவுண்ட்லாந்தில் எட்டரை என்று
விளம்பரத்தின் காலடியில்
பொடியெழுத்தில் போடுவார்கள்.
அந்த அரைமணியைப் போக்கத்தான்
லொரெட்டா பைக் வீட்டு நிலவறையில்
ஆறு மணிக்கே கூடிவிட்டோம்.

நண்டு ஆலையில் பகல் ஷிப்ட் முடித்து
மூன்றுமுறை சோப்புப் போட்டும் போகாத
வாடையோடு ஒன்பது பேர்.
வெளியே போனவிஸ்டா துறைமுக வாயில்
மே மாதத்து முதல் பனிமலை
தேவாலய உயரத்துக்கு வந்து நின்றிருந்தது.
வெளியூர்க்காரர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.
நாங்கள் திரைச்சீலையை இழுத்து மூடினோம்.

'தொலைவு', மூன்றாம் சீசன், முதல் அத்தியாயம்.
இரண்டு வருடம், ஒரு மாதம், நான்கு நாள் கழித்து.
கணக்கு சிரிலுடையது.

கப்பலின் வெளிக்கதவில் தொங்கிய
எந்திரக்காரி ஈவ்ரா
கையை விட்டாளா, கை நழுவியதா?
அந்தக் கேள்வியின்மேல் திரையை இருட்டாக்கிவிட்டு
எழுதினவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
நாங்கள் போகவில்லை.

நண்டுக்கால் உடைக்கும் மேசையில்
எட்டு மணிநேரம் நின்றால்
எதையும் நிரூபித்துவிடலாம்.
இடது கையுறையில் கிழிசல் இல்லை,
ஆகவே தொங்கியது அவளே அல்ல, நகல்
என்பது சிரில்.
தள்ளினது கேப்டன்தான்,
அது என் முதல் புருஷனின் கண்
என்பாள் ஃபிலோமினா.
பேசில் ஹைன்ஸ் மட்டும் கட்சி சேரமாட்டார்.
ஈவ்ரா பேச்சு எழுந்தால்
தீட்டின கத்தியையே மறுபடி தீட்டப் போவார்.

எட்டரை.
விளக்கை அணைத்தது யாரோ.
ஜோலீன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்,
தொடக்க இசை வந்ததும் விட்டுவிட்டாள்.
"குழலை எடுத்துட்டாங்க!"

பிறகு ஒரு சமையலறை.
எந்தக் கோளோ. இரண்டு சூரியன்களின் வெயில்.
பெயர் சொல்லாத ஒருத்தி
ஒரு கிண்ணத்தைக் கழுவுகிறாள்.
கழுவுகிறாள்.
ஏழாவது நிமிடத்தில் கிண்ணத்து நீருக்குள்
மூன்று வினாடி: இருட்டு, கப்பலின் பக்கவாட்டு,
யாருமில்லாமல் ஆடும் கயிறு.
மறுபடி கிண்ணம்.

முடிந்ததும் முதலில் பறந்தது சிரிலின் தொப்பி.
"இதுக்கா? பாத்திரம் விளக்கவா
ரெண்டு வருஷம் எடுத்தானுங்க?"
அவள்தான் ஈவ்ரா என்று ஒருவர்,
ஈவ்ராவின் மகள் என்று ஒருவர்.
இடது கைக்காரி, கவனிச்சீங்களா என்று
லொரெட்டா சோபாவின்மேல் ஏறி நின்றாள்.
கேப்டனுக்குத் தாடி வந்ததை
ஃபிலோமினா குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.
எனக்குக் கப்பலின் குரல்தான் குறை.
இரவு ஷிப்டுகளில் காதுக்குள் துணையிருந்த குரல்.
புதுக் குரல் நல்ல குரல்தான்,
வங்கியில் பேசுவதுபோல.

"கயிறு சரியா இருந்துச்சு."

பேசில் சொன்னார், தரையைப் பார்த்து.
"கனம் போனதும் முதல்ல மேல துள்ளும்.
அப்புறம் பக்கத்துக்குப் பக்கம்.
நிக்க ரொம்ப நேரம் ஆகும்.
பார்த்தவன் எவனோ சொல்லிக்கொடுத்திருக்கான்."

பதினொரு வருடத்துக்கு முன்
அவர் தம்பி லியோவோடு படகேறினார்.
தனியாகக் கரைக்கு வந்தார்.
அதற்குமேல் எங்களில் யாருக்கும் தெரியாது.

விண்வெளியில் கனம் ஏது?
கயிறு அப்படி ஆட அங்கே கீழ் எது, மேல் எது?
இது சிரிலுக்குத் தெரியும்.
வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்டதற்காக
தயாரிப்பாளருக்குப் பதினாறு கடிதம் போட்ட மனிதர்.
வாயைத் திறந்தார்.
ஒரு சிப்ஸைப் போட்டு மூடிக்கொண்டார்.

ஜோலீன் ரிமோட்டை எடுத்தாள்.
ஏழாவது நிமிடத்துக்குப் பின்னோட்டினாள்.
பார்த்தோம், மறுபடி பார்த்தோம்.
நாலாவது முறை பேசில் "போதும்" என்றார்.

காலை ஆறுக்கு ஷிப்ட்.
கோட்டுகளைத் தேடி எடுத்தோம்.
படியேறும்போது பேசில் திரும்பிக் கேட்டார்,
அடுத்த புதன் சோடா யார் முறை?
"என்னோடது" என்றார் சிரில்,
இரண்டு சீசனாக
ஒரு பாட்டில்கூட வாங்கி வராதவர்.